தாங்கலைப் பாசனத்தில் வைத்த வருஷம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் கம்பெனியில் கேட்டில் நிற்பவர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் தெரியும். ஒரகடத்தில் காருக்கு சீட் தைக்கிற கம்பெனி அது. நான் குவாலிட்டியில் இருக்கிறேன். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் சீட்டைத் திருப்பி அனுப்புவேன். சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் கையெழுத்துப் போட மாட்டேன். பதினாறு வருஷமாக மற்றவர்கள் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். அதனால்தான் நான் செய்த தப்பை உட்கார்ந்து எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

என் வீடு தாங்கல் கரைக்குக் கீழே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சின்ன ஏரியைத் தாங்கல் என்போம். ஒரு பக்கம் நீளமாக மண் கரை, நடுவில் ஒரு மதகு, கோடியில் மிச்சத் தண்ணீர் வழிகிற கலங்கல். அவ்வளவுதான். நின்று பார்க்கிற அழகு ஒன்றும் அதில் கிடையாது. ஆனால் ஐப்பசி மழையில் அது நிறைந்தால் எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கும். தாங்கல் வற்றினால் சோப்பு நுரைக்காது, சோறு மஞ்சளாக வேகும். நானும் என் வீட்டுக்காரரும் ஓவர்டைம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அந்த வீட்டுக்கு அந்தத் தாங்கலை விட்டால் வேறு தண்ணீர் இல்லை.

ஒரு நாள் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தாங்கல் பயன்பாட்டில் இல்லாத நீர்நிலை என்றும், அதை வகை மாற்றி கன்டெய்னர் லாரிகள் நிறுத்துகிற இடமாகக் கொடுக்க வேண்டும் என்று யாரோ குடோன்காரர்கள் விண்ணப்பித்திருப்பதாகவும், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்றும் இருந்தது. பயன்பாட்டில் இல்லையாம். அன்று காலைதான் அந்தத் தண்ணீரில் குழம்பு வைத்துவிட்டு வந்திருந்தேன். எனக்கு வந்ததே கோபம்.

கோபத்தோடு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. ஈரநிலங்களைக் காப்பதற்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதிலிருந்து ஒரு பெண் மாதத்துக்கு ஒரு தடவை வந்து எங்கள் தாங்கலில் பறவை எண்ணுகிறாள் என்று கேள்விப்பட்டேன். கழுத்தில் பைனாகுலர், ஸ்கூட்டி முன்னால் ஒரு பை நிறையக் கையேடுகள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அவளைக் கரையில் பிடித்து நோட்டீஸைக் காட்டினேன். மறுவாரமே ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். சுவரில் பெரிய சார்ட் தொங்கியது. எந்தத் துறைக்கு எதை எழுத வேண்டும், எந்த ஆணையம் எதைப் பார்க்கும், எந்த அறக்கட்டளை எதற்கு உதவும், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை எப்படிக் கேட்பது என்று எல்லாம் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தது. ஒழுங்கான சார்ட் என்றால் எனக்கு எப்போதுமே ஒரு மரியாதை. முழுவதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், கையில் கொடுத்த சமோசாவை மறந்துவிட்டேன்.

அந்த அம்புக்குறிகளின் பின்னாலேயே நாங்கள் இருவரும் இரண்டு மாதம் நடந்தோம். ஈரநிலங்களைப் பார்க்கிற ஆபீஸில் மரியாதையாக உட்கார வைத்துச் சொன்னார்கள்: இது பாசனத்துக்காக மனிதர் வெட்டிய ஏரி, அது எங்கள் பட்டியலில் வராது, பாசனத் துறையைப் பாருங்கள். பாசனத் துறையில் போய் நின்றால், ஏரி சரி, பாசனம் எங்கே என்று கேட்டார்கள். அதில் பாய்கிற நிலம் எல்லாம் மனைக்கல் நட்டுக் கிடக்கிறது, யாரும் பயிர் வைப்பதில்லை, அப்புறம் எப்படி அது பாசன ஏரி? ஆக, அது ஈரநிலமும் இல்லை, ஏரியும் இல்லை. அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் எதைப் பார்த்துக்கொண்டு பல் விளக்குகிறேன்?

அந்த இரண்டாவது ஆபீஸில் இருந்த கிளார்க் கெட்டவர் இல்லை. கிராமத்து அடங்கலின் நகலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். எந்த நிலத்தில் என்ன பயிர், அதற்கு எந்தத் தண்ணீர் என்று ஒவ்வொரு பசலியும், அதாவது ஜூலைக்கு ஜூலை வருகிற கணக்கு வருஷமும், கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து எழுதுகிற பதிவேடு அது. தாங்கலுக்குக் கீழே இருந்த பன்னிரண்டு பட்டாவுக்கும் நேராக ஒரே வார்த்தைதான். தரிசு. அடுத்த பக்கம், தரிசு. அதற்கடுத்ததும் தரிசு.

"ஏரித் தண்ணில ஒரு போகம் பயிர்னு இதுல வந்தா, பாசனத்துல கீதுன்னு நாங்க எழுதிடுவோம்மா. இல்லாதத எப்டி எழுதறது?" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. நானும் அதைத்தானே பதினாறு வருஷமாக லைனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி சார், பயிர் வைத்துக் காட்டுகிறேன் என்று எழுந்துவிட்டேன். வெளியே வந்ததும் பறவை எண்ணுகிற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுடைய கையேட்டில் மனு எழுதுகிற முறை இருந்தது, தகவல் கேட்கிற முறை இருந்தது. நாற்று நடுகிற முறை இல்லை.

மதகுக்கு நேர் கீழே அரை ஏக்கர் கழனி. அதற்குச் சொந்தக்காரர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. குடோன் ஒன்றில் பன்னிரண்டு மணி நேர செக்யூரிட்டி வேலை. ஒரு காலத்தில் அவரே பயிர் வைத்தவர்தான், ஆள் கிடைக்காமல் விட்டுவிட்டார். நான் போய்க் கேட்டதும் சிரித்தார். நிலத்தை விற்றுவிட்டு வேலையை விடப்போவதாகச் சொன்னார். முட்டி வீங்கிப்போய் நிற்க முடியவில்லையாம். தாங்கல் லாரி நிறுத்துகிற இடமானால் கழனிக்கு நல்ல விலை வரும், புரோக்கர் பேசிவிட்டுப் போயிருக்கிறார் என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும், ஒரே ஒரு போகம் வேண்டுமானால் வைத்துக்கொள், அதற்குமேல் கேட்டு என் வீட்டு வாசலுக்கு வராதே என்றார். என்னால் ஒரு போகத்தை முழுசாக வளர்க்க முடியும் என்று அவர் நம்பவே இல்லை. அதனால்தான் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. கடைசியில், துணிக்கு சோப்புப் போடவே நேரம் இல்லை என்கிறவள் நாற்று நடப் போகிறாளா என்றார். கேலி செய்தாரே தவிர முதல் நாள் மண்வெட்டியைப் பிடித்ததும் அவர்தான்.

எங்கள் தையல் லைனில் ராமநாதபுரம் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். சுங்குவார்சத்திரத்தில் ஐந்து பெண்களோடு ஒரு ரூமில் தங்கியிருக்கிறாள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். கேன்டீனில் நான் தாங்கல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டாள். அவள் ஊரில் ஏரியைக் கண்மாய் என்பார்கள். "கண்மாயில தண்ணி கெடந்து வயக்காடு தரிசாக் கெடக்கா? எங்கூருக்காரங்க கேட்டா நம்ப மாட்டாகக்கா" என்றாள். மறுநாளே கூட ஐந்து பேரைச் சேர்த்துவிட்டாள். போன் கம்பெனி, டயர் கம்பெனி, பெயிண்ட் ஷாப் என்று ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு ஷிஃப்ட். முக்கால்வாசிப் பேர் தெற்கிலிருந்து வந்தவர்கள். என்னோடு சேர்த்து ஏழு பேர்.

அந்த வருஷம் மழை எங்கள் பக்கம் இருந்தது. கார்த்திகையில் கலங்கல் வழிந்தது. நவரைப் பட்டத்துக்கு மார்கழியில் நாற்று விட்டோம். பொங்கல் லீவில் நட்டோம். ஏழு பேரில் நாலு பேருக்கு நடத் தெரியும், மூன்று பேர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிந்தவர்கள். நான் இரண்டாவது வகை. தங்கச்சி எனக்குப் பின்னால் வந்து நான் நட்டதைப் பிடுங்கிப் பிடுங்கித் திரும்ப நட்டாள். ரீவொர்க் என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு மாதத்தில் கழனி பச்சைப் பசேல் என்று நின்றபோது பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தண்ணீர் விடுகிற வேலைக்கு நான் ஒரு அட்டவணை போட்டேன். எங்கள் கம்பெனி லைனில் இருக்கிற அதே மாதிரி. மேலே நாள், பக்கத்தில் ஷிஃப்ட், கட்டத்துக்குள் யார் முறை என்று எழுதி, லேமினேட் செய்து, மதகுக் கம்பியில் கட்டிவிட்டேன். கூடவே ஒரு ஹேண்ட்ஓவர் நோட்டு, பாலித்தீன் கவரில். மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகிற பி ஷிஃப்ட் ஆள் காலையில் வந்து மதகைத் திறப்பார். ஏ ஷிஃப்ட் முடித்து வருகிற ஆள் மாலையில் அடைப்பார். அடைக்கிற நேரத்தில் கழனியின் கடைசித் துண்டுக்குத் தண்ணீர் ஏறாமல் இருந்தால், மதகு திறந்திருக்கிறது, அடுத்த ஷிஃப்ட் அடைக்கவும் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். மறுநாள் காலை அடுத்தவர் வந்து அடைத்துவிடுவார். வேலை முடியாவிட்டால் அடுத்த ஷிஃப்ட் தொடர வேண்டும். லைனில் அப்படித்தான், கழனியிலும் அப்படித்தான். மாசி முழுக்க அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பறவை எண்ணுகிற பெண் அந்த அட்டவணையை போட்டோ எடுத்துத் தன் ஆபீஸுக்கு அனுப்பினாள்.

பங்குனி பிறந்த சமயம். கதிர் வெளியே தலைகாட்டி, பால் பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தங்கச்சி போன் பண்ணினாள்.

"அக்கா, கண்மாயில தண்ணி இல்லக்கா."

ஓடினேன். கரை ஏறிப் பார்த்தால் மதகு வாயடி ஈரச் சேறாகப் பளபளத்தது. தாங்கலின் நடுப்பள்ளத்தில் மட்டும் ஒரு குட்டை. அதைச் சுற்றிக் கொக்கும் நாரையுமாக அடைசல். கீழே மதகு வாய் பேவென்று திறந்து கிடந்தது. கழனியை நிறைத்து வரப்பை அறுத்துக்கொண்டு வழிந்த தண்ணீர் கால்வாயோடு போய் ஹைவே ஓரப் பள்ளத்தில் தேங்கி, அதில் இரண்டு லாரிகள் டயர் முழுக நின்றுகொண்டிருந்தன.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை மாலை. கடைசித் துண்டுக்கு ஏறவில்லை, மதகு திறந்திருக்கிறது, அடுத்த ஷிஃப்ட் அடைக்கவும். போன் கம்பெனித் தம்பியின் கையெழுத்து. அழகாக, நேரம் போட்டு எழுதியிருந்தான். அடுத்த ஷிஃப்ட் யார் என்று அட்டவணையைப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை, பி ஷிஃப்ட். தங்கச்சி முறை. அவள் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்திருக்கிறாள். யாருமே தப்புச் செய்யவில்லை.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஆறு கட்டம். ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கட்டமே போடவில்லை. கம்பெனி அட்டவணையில் ஞாயிறு கிடையாது. பார்த்து எழுதியவள் அப்படியே எழுதிவிட்டேன். ஏழு பேர் ஒரு மாதத்துக்கு மேலாக அந்த அட்டையைத் தினமும் பார்த்திருக்கிறோம், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குன்றத்தூரில் ஒரு வளைகாப்பில் ஐந்து வகைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கழனிச் சொந்தக்காரர் நைட் டூட்டி முடித்துக் கரை வழியாக வந்தார். நின்று பார்த்தார். நேற்று மத்தியானமே பார்த்தேன் என்றார். பார்த்துவிட்டு ஏன் அடைக்கவில்லை என்று கத்தினேன்.

"நீங்கதான் சார்ட்டு கீர்ட்டெல்லாம் போட்டு வெச்சிகினு கீறீங்களே. இன்னாமோ கணக்கு இருக்கும்னு வுட்டுட்டேன். தண்ணிக்கும் வார லீவு வுட்டுட்டியா?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக் கூடாது என்று அந்த அட்டையைப் பிய்த்து எறிந்தேன். லேமினேட் செய்த அட்டை கிழியவும் இல்லை, வளைந்து வந்து என் காலடியிலேயே விழுந்தது. அன்று கம்பெனிக்குப் போகவில்லை. பதினாறு வருஷத்தில் சொல்லாமல் போட்ட முதல் லீவு அது.

பால் பிடிக்கிற பயிருக்கு இனி பதினைந்து நாள் தண்ணீர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் பதர்தான் என்றாள் தங்கச்சி. அன்று சாயங்காலம் எல்லோரும் கரையில் கூடினோம். பக்கத்து நிலத்தில் ஒருவர் போர் போட்டு மாட்டுத் தீவனம் வளர்க்கிறார். ஒரு ஓஸ் பைப்பைப் போட்டால் ஒரே நாளில் கழனி நிறைந்துவிடும். அவரும் சரி என்றுவிட்டார். பாதிப் பேருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் ஒரு நிமிஷம் மலர்ந்தது, பொய் சொல்வானேன். அப்புறம்தான் உறைத்தது. போர் தண்ணீரில் விளைந்தால் அடங்கலில் கிணற்றுப் பாசனம் என்றுதான் வர வேண்டும். நெல் இருக்கும், ஏரி இருக்காது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள், ஏரித் தண்ணீர் என்று சொல்லிவிட்டால் போயிற்று என்றார் பெயிண்ட் ஷாப்காரர். முடியாது என்றேன். இல்லாததை இருக்கிறது என்று எழுதச் சொல்லி வாங்கினால், இருக்கிறதை இல்லை என்று எழுதச் சொன்ன குடோன்காரர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டது. ஆனால் பெயிண்ட் ஷாப்காரரே போய்த் தீவனக்காரரிடம் பைப் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மிச்சம் இருந்தது நடுக்குட்டை. அது மதகு மட்டத்துக்குக் கீழே கிடக்கிற தண்ணீர், தானாக ஏறி வராது. டீசல் இன்ஜின் வைத்து இறைத்தால் வரும். அதுவும் ஏரித் தண்ணீர்தான். இன்ஜினுக்குச் சொல்லி அனுப்பிவிட்டோம். மறுநாள் காலை ஸ்கூட்டியில் வந்து இறங்கிய பறவைப் பெண் இன்ஜினுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். சுற்று வட்டாரத்தில் மற்ற ஏரிகளில் தண்ணீர் இறங்கிவிட்டது, குஞ்சு வைத்திருக்கிற நாரைகள் இரை தேடி இங்கேதான் வருகின்றன, இதையும் வற்றடித்தால் மீன் செத்து, குஞ்சும் சாகும் என்றாள். தாங்கலைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடு. கடைசியில் நானே அதைத் துடைத்து எடுக்க வேண்டுமா?

"எவ்ளோ வுட்டா தாங்கும்? சரியா சொல்லு" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குட்டைக்குள் இறங்கினாள். முழங்காலைக் காட்டினாள். அதற்குக் கீழே இறங்கக் கூடாது. அங்கே ஒரு கம்பை நட்டு சிவப்பு ரிப்பன் கட்டினாள். மிச்சத் தண்ணீர் எவ்வளவுக்கு வரும் என்று தங்கச்சியைக் கேட்டேன். அவள் குட்டையைப் பார்த்தாள், கழனியைப் பார்த்தாள். வரப்புப் போட்ட நாலு துண்டில் இரண்டுக்குத்தான் வரும் என்றாள். மேல் துண்டு இரண்டும் இருக்கட்டும், கீழ் இரண்டையும் விட்டுவிடலாம் என்றாள். கீழ்த் துண்டு இரண்டும் அவள் தன் கையால் நட்டது. சொல்லிவிட்டு முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

நாலு நாள் சேற்றில் கிடந்தோம். குட்டையிலிருந்து இன்ஜின் வரைக்கும் கால்வாய் வெட்டினால் அரை மணியில் சேறு சரிந்து மூடிக்கொள்ளும். ஏ ஷிஃப்ட் ஆட்கள் மதியம் மூன்று மணியிலிருந்து, பி ஷிஃப்ட் ஆட்கள் விடிந்ததிலிருந்து மதியம் வரை. என் வீட்டுக்காரர் டிரிப்புக்கு நடுவே பஸ்ஸைக் கரையோரம் நிறுத்திவிட்டு பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்குவார். தெருப் பெண்கள் சிலர் சட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தத் தண்ணீர்தான் தங்கள் வீட்டுக் குழாயிலும் வருகிறது என்று ஊருக்கே நான் அதற்குள் கத்திச் சொல்லியிருந்தேன். ரிப்பன் கட்டிய இடத்துக்குத் தண்ணீர் இறங்கியதும் இன்ஜினை நிறுத்தினோம். மேல் துண்டு இரண்டும் நின்றன. கீழ்த் துண்டு இரண்டும் ஒரு வாரத்தில் வெளிறி, அப்புறம் காய்ந்து சலசலத்தன.

கிராம நிர்வாக அலுவலர் பைக்கில் வந்தார். இளவயசுக்காரர். நாங்கள் ஏழு பேரும் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு காத்திருந்தோம். கழனி பாதிப் பச்சை, பாதிச் சருகு. இது என்ன என்று கேட்டார். சொன்னேன். அட்டவணையில் ஞாயிறு இல்லாததில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பக்கத்துப் போர் ஷெட்டைக் காட்டினார்.

"மோட்டார் பக்கத்துலயே ஓடுது. அதுல பாய்ச்சிருந்தா மொத்தமும் பொழச்சிருக்குமே?"

"பொழச்சிருக்கும் சார். அப்ப நீங்க கெணறுன்னு எழுதியிருப்பீங்க."

அவர் ஷூவைக் கழற்றினார். கால்வாயோடு நடந்து போய்க் குட்டை வரைக்கும் பார்த்தார். இன்ஜின் நின்ற தடம், எங்கள் கால் தடம், ரிப்பன் கட்டிய கம்பு, கம்பைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்த நாரைகள். திரும்பி வந்து வரப்பிலேயே உட்கார்ந்து எழுதினார். எழுதினதை வாசித்துக் காட்டச் சொன்னேன். கையெழுத்துப் போடுகிறவர்களிடம் வாசிக்கச் சொல்வது என் தொழில் புத்தி.

"நெல். இருவத்தஞ்சு சென்ட். ஏரிப் பாசனம். மீதி கருகல்."

தங்கச்சி என் கையை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கருகல்கூட இனிமையாகத்தான் கேட்டது. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார்.

சித்திரையில் அறுத்தோம். இரண்டே முக்கால் மூட்டை. அதிலும் பதர். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது போக ஒரு மூட்டையை விதைக்கு ஒதுக்கினோம். பாசனத் துறையிலிருந்து கடிதம் வந்தது. மேற்படி ஏரி நடப்புப் பசலியில் பாசனத்தில் உள்ளதால் வகை மாற்றக் கோரிக்கையைப் பரிந்துரைக்க இயலாது. நாலு வரிதான். கேன்டீனில் அதைச் சத்தமாக வாசித்தேன், தையல் லைன் முழுக்கக் கை தட்டியது. கிளார்க்குக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். பட்டுவிட்டு, நடப்புப் பசலி என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா என்றார். ஒரு வருஷம் வைத்துவிட்டு மறுபடி தரிசாகப் போட்டால் அவர்கள் மறுபடி விண்ணப்பிப்பார்கள். வருஷா வருஷம் பயிர் இருந்தால்தான் ஏரி ஏரியாக இருக்கும் என்றார்.

பறவைப் பெண்ணின் அமைப்பு புதுக் கையேடு போட்டபோது அதில் ஒரு பக்கம் என்னை எழுதச் சொன்னார்கள். மதகு அட்டவணையில் வாரத்துக்கு ஏழு நாள் என்று முதல் வரியே எழுதிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே அச்சடித்தார்கள்.

ஆடியில் கழனிச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு வராதே என்று சொன்னவர் வாசலுக்குத்தான். டூட்டி முடிந்து வந்து, வீங்கிய முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த போகத்துக்கும் நிலம் வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"லெட்டர் வந்த அன்னிக்கே புரோக்கர் போன எடுக்கறத நிறுத்திட்டான். உங்க தெருவுக்குத் தண்ணி வந்துச்சி, கொக்குக்கு மீனு வந்துச்சி. எனக்கு இன்னாம்மா வந்துச்சி? இந்தக் காலோட இன்னும் எத்தினி வருஷம் கேட்டுல நிக்கறது? தர மாட்டேன். போயிட்டு வா."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என் வீட்டுத் தண்ணீருக்காக அவருடைய ஓய்வை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். தாங்கலை விட்டுத் தர முடியாது என்பதையும் சொன்னேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபமாக வந்தது, அவர்மேல் இல்லை, என்மேல்.

அடங்கலில் பன்னிரண்டு பட்டா. ஒன்று போனால் பதினொன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை விதை நெல்லில் இரண்டு கைப்பிடியைத் தூக்குப் பையில் போட்டுக்கொண்டு, அடங்கல் நகலையும் எடுத்துக்கொண்டு தங்கச்சியோடு கிளம்பினேன். முதல் வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் காபி கொடுத்துவிட்டு, மகன் சம்மதிக்க மாட்டான் என்றார்கள். மூன்றாவது வீடு கேட் போட்ட புது வீடு. காலிங்பெல்லை அடித்தேன். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு அம்மா வந்தார்.

"இன்னாம்மா, இன்னா வேணும்?"

"ஒரு போகத்துக்கு நெலம் வேணும்" என்றேன்.